போர்டுக்கு அடியில் ஒரு பேர்

எங்கள் காம்ப்ளெக்ஸில் பதினோராம் நம்பர் கடையில் ஒரு குரு இருக்கிறார். தாடி கிடையாது, காவி கிடையாது. பெயர் சுயம்புக்கனி. வயது முப்பத்துமூன்று. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார். சிஷ்யருக்கு வயது ஐம்பத்தைந்து.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நானும் முதலில் சிரித்தவன்தான். பன்னிரண்டாம் நம்பர் ஜெராக்ஸ் கடை என்னுடையது. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான் இருக்கிறது. அங்கே பேசினால் இங்கே கேட்கும். ஒட்டுக்கேட்கிறான் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதைப் பொத்திக்கொண்டு ஜெராக்ஸ் போட முடியாது.

சிஷ்யர் பெயர் கஸ்பார். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். ஐஸ் பேக்டரியில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அவர் ஊரில் ஒரு வயர்லெஸ் ரூம் உண்டு. அதில் ஒரு கம்ப்யூட்டர். காற்று ஏறுது, திரும்பி வாங்க என்று கடலில் இருக்கும் நாற்பத்தொரு படகுக்கும் சேதி போவது அந்த ரூமிலிருந்துதான்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, படகுகள் இறங்கிய இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அந்தக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. சேதி போகவில்லை. மூன்று படகுகள் காற்றில் மாட்டிக்கொண்டன. அதில் ஒன்று கஸ்பாரின் மருமகன் ரோமால்டுடையது. இரண்டு நாள் கழித்து எல்லோரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். மாதா காப்பாற்றினாள் என்று ஊரே கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றியது.

நின்றுபோன கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கஸ்பார் இங்கே வந்தார். சுயம்புக்கனி திறந்து பார்த்தார். மதர்போர்டில் ஒன்பது கெபாசிட்டர் போயிருந்தது. கெபாசிட்டர் என்றால் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குட்டி டப்பா. போர்டின் மேல் வரிசையாக நிற்கும். கரண்டைப் பிடித்து வைத்துச் சீராக விடுவது அதன் வேலை. கெட்டால் பெரும்பாலும் தலை வீங்கும்.

"இதை யாரோ முன்னாடியே மாத்தியிருக்காங்களே, யாரு?" என்று கேட்டார்.

"ஊர்ல யாரோ" என்றார் கஸ்பார்.

சுயம்புக்கனி மேற்கொண்டு கேட்கவில்லை. ஒன்பதையும் மாற்றிக் கொடுத்தார். மறு வாரம் கஸ்பார் வெறுங்கையோடு வந்து நின்றார்.

"எனக்கு இந்த வேலையைச் சொல்லித் தரணும் டீச்சரம்மா."

அப்படித்தான் அவர் சிஷ்யரானார். தினம் ஒன்பது மணி பஸ்ஸில் வருவார். கடையைப் பெருக்குவார். சுயம்புக்கனி வேண்டாம் என்பார். இவர் கேட்க மாட்டார்.

எங்கள் வரிசையில் ரிப்பேர் பார்க்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போர்டில் கை வைத்தால், வேலை முடிந்து மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பி, அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பேரையும் தேதியையும் எழுதுவார்கள். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியாது. திருகைக் கழற்றுகிற அடுத்த ஆளுக்குத்தான் தெரியும். கஸ்பார் ஒரு வருஷத்தில் எத்தனையோ போர்டுக்கு ஈயம் உருக்கிப் பற்றவைத்துவிட்டார். ஒன்றிலும் பேர் எழுதியதில்லை. "கத்துக்குட்டி பேரெல்லாம் எதுக்கு டீச்சரம்மா, நீங்களே எழுதுங்க" என்பார். அடக்கம் என்று நான் நினைத்தேன்.

இந்த வருஷம் தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்தது. வயர்லெஸ் ரூம் போர்டு இனித் தாங்காது, வேறு போர்டு போட்டுவிடலாம் என்று ஊர்க் கமிட்டி முடிவு பண்ணிக் கம்ப்யூட்டரை இங்கே அனுப்பியிருந்தது. எந்த போர்டு என்று பார்த்து எடுப்பது கஸ்பார் பொறுப்பு. அவர் முகத்தில் தூக்கம் இல்லாதது தெரிந்தது.

"டீச்சரம்மா, ஒரு கேள்வி. கெடவே கெடாத கெபாசிட்டர் உள்ள போர்டு எது?"

சுயம்புக்கனி மேஜைமேல் மூன்று போர்டுகளை எடுத்து வைத்தார்.

"நீங்களே சொல்லுங்க."

முதலாவது அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. ஒன்பது வருஷமாக ஒரு குடோனில் பிரிக்காமல் கிடந்த சரக்கு. இரண்டாவது இந்த வருஷத்து மாடல். அதன் கெபாசிட்டர்களை மூடி, மேலே கறுப்பாகப் பளபளவென்று ஒரு கவசம். மூன்றாவது ஒரு உப்பளத்து ஆபீஸில் ஏழு வருஷம் ஓடிவிட்டு வந்தது. அங்கங்கே அழுக்கு. நாலு கெபாசிட்டர் மட்டும் வேறு நிறம்.

கஸ்பார் மூன்றாவதைப் பார்க்கக்கூட இல்லை. பெட்டியைப் பிரித்து முதல் போர்டை எடுத்தார். ஒவ்வொரு கெபாசிட்டரின் தலையையும் விரல் நுனியால் தடவினார்.

"எல்லாம் தட்டையா இருக்கு. ஒண்ணுகூட வீங்கல. இதான்."

"சரி. ஓட விடுங்க."

ஓட விட்டார்கள். சுயம்புக்கனி ஒரு துண்டை எடுத்து அதன்மேல் கூடாரம்போலப் போட்டார். உங்கள் ஊர் ரூமில் மதியம் எவ்வளவு வெக்கையோ அவ்வளவு இதற்கும் வேண்டாமா என்றார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. கஸ்பார் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிரசவ வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தது எனக்கு. மூன்றே காலுக்கு ஸ்கிரீன் அப்படியே உறைந்தது. திரும்பப் போட்டார்கள். அஞ்சு நிமிஷத்தில் மறுபடி உறைந்தது.

துண்டை எடுத்துவிட்டு சுயம்புக்கனி டார்ச் அடித்தார்.

"தலை எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"தட்டையாத்தான் இருக்கு."

"காலைப் பாருங்க."

கஸ்பார் குனிந்து பார்த்தார். இரண்டு கெபாசிட்டரின் அடியில் பழுப்பாக ஈரம் கசிந்திருந்தது.

"ஒரு நாள்கூட ஓடாத போர்டு டீச்சரம்மா. வேலையே செய்யாம எப்படிக் கெடும்?"

"உள்ள இருக்கிற திரவம் காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். பெட்டிக்குள்ள இருக்கோம்னு அதுக்குத் தெரியுமா?"

கஸ்பார் நிமிரவில்லை. அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப தலை தட்டையா இருந்தா நல்லதுன்னு அர்த்தம் இல்லையா?"

"இல்ல."

"பழைய போர்டுல தலை தட்டையா இருக்கிறதாப் பார்த்துப் பொறுக்கி எடுத்தா?"

"அப்படி யாராவது செஞ்சா, காலைப் பார்த்திருக்க மாட்டாங்க."

அன்றைக்கு கஸ்பார் போர்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அஞ்சு மணிக்கே பஸ்ஸுக்குப் போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

மறுநாள் வந்ததும் இரண்டாவது போர்டில் கை வைத்தார்.

"இதை எடுத்துக்கிடுதேன். புது மாடல். கவசம் போட்டிருக்கு. இது கெடாது."

"நல்ல போர்டுதான் அண்ணாச்சி. நான் குறை சொல்ல மாட்டேன்" என்றார் சுயம்புக்கனி. "கெபாசிட்டரைக் காட்டுங்க."

கஸ்பார் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கவசம்தான் தெரிந்தது.

"உள்ள இருக்கு."

"சரி, கெடாதுன்னே வச்சிக்கிடுவோம். ஒருவேளை கெட்டா?"

"உங்ககிட்டக் கொண்டாருவேன்."

"இந்தக் கெபாசிட்டர் என் மெஷினுக்கு அடங்காது. கம்பெனிக்குத்தான் அனுப்பணும். எத்தனை நாள் ஆகும்?"

"இருபது நாள்."

"படகு எத்தனை?"

"நாற்பத்தொண்ணு" என்றார் கஸ்பார். போர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

நான் தட்டியோரமாக நகர்ந்து நின்றுகொண்டேன். என் கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது.

சுயம்புக்கனி மூன்றாவது போர்டை எடுத்து கஸ்பாரிடம் நீட்டினார்.

"இது ஏழு வருஷம் உப்புக்காத்துல ஓடின போர்டு. வேற நிறத்துல நாலு இருக்கே, அது நான் போட்டது. திருப்புங்க."

கஸ்பார் திருப்பினார். அடியில் மார்க்கர் பேனாவால் இரண்டு வரி எழுதியிருந்தது. முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

"சுயம்புக்கனி. நாலு கெபாசிட்டர். தேதி ஆறு வருஷத்துக்கு முந்தினது."

"அடுத்தது?"

"சுயம்புக்கனி. அதே நாலு. என் தப்பு." கஸ்பார் நிமிர்ந்தார். "தேதி மூணு மாசம் கழிச்சு."

"எண்பத்தஞ்சு டிகிரி சூடுதான் தாங்குறதைப் போட்டுட்டேன். நூத்தஞ்சு போட்டிருக்கணும். மூணே மாசத்துல வீங்கிப்போய்த் திரும்பி வந்துச்சு. மாத்தினேன். அதுக்கப்புறம் இந்த போர்டு ஒரு நாளும் நின்னுபோகல. ஆபீஸையே மூடினாங்க, அதனால இங்க வந்துச்சு."

"தப்புன்னு ஏன் எழுதினீங்க? யாரும் கேக்கலையே."

"அடுத்து திருப்புற ஆளு தெரிஞ்சிக்கிட வேண்டாமா?"

கஸ்பார் அந்த இரண்டு வரியையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அதைத் தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஓட்டை நான் போட்டதில்லை, முன்னமே இருந்தது.

"டீச்சரம்மா."

"சொல்லுங்க."

"ஊர்ல யாரோன்னு சொன்னேன்ல. அது நான்தான். இரும்புக் கடையில கிடந்த பழைய போர்டுகளைக் கிளறி, தலை தட்டையா இருந்ததா ஒன்பது பார்த்து எடுத்து, தடைக்காலத்துல யாருக்கும் தெரியாம மாட்டினேன். பேக்டரியில அவ்வளவு வருஷம் மோட்டார் பார்த்தவன், இது என்ன பெரிய வித்தைன்னு நெனச்சேன். மூணு படகு. அதுல ஒண்ணுல என் மகளோட மாப்பிள்ளை. கரையில அவ மணல்ல உக்காந்துருந்தா, நான் பக்கத்துல உக்காந்துருந்தேன். சொல்ல வாய் வரல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்கதான்னு. வேலை கத்துக்கிட வந்த முதல் வாரமே தெரியும். மோட்டார் கம்பிக்கு வைக்கிறமாதிரி அள்ளி அப்பியிருந்தீங்க ஈயத்தை. அந்த போர்டுலயும் அதே கைதான்."

"ஒரு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

சுயம்புக்கனி டப்பாவிலிருந்து ஒரு புதுக் கெபாசிட்டரை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"தலையில என்ன இருக்கு?"

"பெருக்கல் குறி மாதிரி கீறல் போட்டிருக்கு."

"எதுக்கு?"

"உள்ள அழுத்தம் ஏறினா வெடிச்சிடாம அது வழியாத் திறந்துக்கிடும். நீங்கதானே சொன்னீங்க."

"ஊசி எடுத்துக் குத்தித் திறக்கச் சொன்னேனா?"

"இல்ல."

"அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்?"

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் கல்யாணப் பத்திரிகையை இருபது காப்பி எடுத்துவிட்டிருந்தேன். கேட்டது இரண்டு. கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் கண் கலங்கியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் உங்கள் வீட்டில்தானா என்று விசாரித்தார்.

மூன்றாம் நாள் முழுக்க கஸ்பார் உப்பளத்து போர்டில் உட்கார்ந்தார். அழுக்கைத் துடைத்தார். பழைய கெபாசிட்டர் ஒன்று விடாமல் எடுத்தார். புதுசில் ஒவ்வொன்றையும் தலை பார்த்து, கால் பார்த்து, டிகிரி பார்த்து, மீட்டரில் வைத்துப் பார்த்துப் போட்டார். சுயம்புக்கனி ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவர் வேறு ஒரு லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வேலையில் இருந்தார். சாயங்காலம் துண்டைப் போட்டு ஓட விட்டார்கள். மறுநாள் காலை ஷட்டர் தூக்கும்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு ரோமால்டு சரக்கு ஆட்டோவோடு வந்தார், கம்ப்யூட்டரை எடுத்துப் போக. வெயிலில் கறுத்த, வாட்டசாட்டமான ஆள். மாமனார்மேல் பிரியம் உள்ளவர். வரும்போதே ஒரு கேரியரில் சாப்பாடு கொண்டு வந்திருந்தார்.

"மாமா, ரெடியா? நாளைக்கு விடியக்காலம் படகு இறங்குது. ஊரே உங்களைத்தான் கேக்குது."

நான் ஸ்டேப்ளர் இரவல் கேட்கிற சாக்கில் அந்தக் கடைக்குள் போய் நின்றேன். என் கடையில் ஸ்டேப்ளர் மூன்று இருக்கிறது.

"ரெடிதான் மாப்ள. போர்டைத் திருகு போட்டு மாட்டணும். நீங்க வரட்டும்னு வச்சிருந்தேன்."

கஸ்பார் மேஜைக்கு அடியிலிருந்து பழைய போர்டை எடுத்தார். வயர்லெஸ் ரூமில் இருந்த போர்டு. அதைத் திருப்பி மருமகன் கையில் கொடுத்தார். சுயம்புக்கனியின் போன வருஷத்து வரிக்கு மேலே, வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது எழுத்து இருந்தது. மார்க்கர் மை இன்னும் வாசம் அடித்தது. கஸ்பார். ஒன்பது கெபாசிட்டர். போன வருஷம் மே மாதத்துத் தேதி. கடைசியில், என் தப்பு.

ரோமால்டு படித்தார். புரிய கொஞ்ச நேரம் எடுத்தது. இன்னொரு தடவை படித்தார்.

"நீங்களா மாமா?"

"நான்தான்."

"ரெண்டு நாள். குடிக்கத் தண்ணி கிடையாது. என்ஜின் போச்சு. அந்த போர்டுல கை வச்ச பயலை யாருன்னு கண்டுபிடிச்சா கையை ஒடிப்பேன்னு சொன்னேன். வீட்டுல சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது சொன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா. கேட்டேன்."

"மீனை எடுத்து என் தட்டுல வச்சீங்க."

"ஆமா."

கஸ்பார் தலையைக் குனியவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு வருஷமாகக் குனிந்தே நடந்த மனுஷர், இப்போது மருமகன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன்.

ரோமால்டு பழைய போர்டை மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் புது கெபாசிட்டரோடு கவிழ்த்து வைத்திருந்த உப்பளத்து போர்டைப் பார்த்தார். அதில் சுயம்புக்கனியின் இரண்டு வரி, அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி. கஸ்பார். எல்லாக் கெபாசிட்டரும். நேற்றைய தேதி.

"இதையும் நீங்கதான் போட்டீங்களா?"

"நான்தான் மாப்ள."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

ரோமால்டு சுயம்புக்கனியிடம் கேட்டார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. என் படகுல அஞ்சு பேர் வாராங்க. அஞ்சு பேருக்கும் வீட்டுல பிள்ளை இருக்கு. இது கெடாதுன்னு நான் நம்பலாமா?"

"கெடும் தம்பி" என்றார் சுயம்புக்கனி.

ரோமால்டு திகைத்துப் போனார். நானும்தான். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன இந்தப் பெண்ணுக்கு என்று எனக்குக் கோபமே வந்தது.

சுயம்புக்கனி உப்பளத்து போர்டை எடுத்து, அடிப்பக்கம் மேலே தெரியும்படி ரோமால்டின் இரண்டு கையிலும் வைத்தார்.

"கெபாசிட்டர்னா ஒரு நாள் கெடும். அன்னைக்கு யாரைக் கூப்பிடணும்னு இதுல எழுதியிருக்கு."

ரோமால்டு அந்த மூன்று வரியையும் படித்தார். நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப் போலப் படித்தார். பிறகு போர்டை மாமனாரிடம் நீட்டினார்.

"மாட்டுங்க மாமா. ரூம்ல வந்து வயர் கனெக்‌ஷனும் நீங்கதான் குடுக்கணும். நாளைக்கு நான் திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே இருக்கணும்."

கஸ்பார் போர்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, முதல் திருகை எடுத்தார்.